எழுபது லீற்றர் கடல்

நெடுந்தீவில் வேலி என்றால் கல். யாழ்ப்பாணத்தில் கிடுகும் பனைமட்டையும் செய்கிற வேலையை அங்கே முருகைக்கல் செய்கிறது. தமிழ்நாட்டில் பவளப்பாறை என்பது எங்களுக்கு முருகைக்கல். சாந்து பூசாமல், கல்லின்மேல் கல்லை ஏற்றி, இடுக்கில் சின்னக் கல்லைச் செருகி எழுப்பிய வேலிகள் அவை. ஏழெட்டு வயதில், பள்ளி விடுமுறைக்குப் போன நாட்களில், அம்மப்பாவின் வளவு வேலியைத் தடவிக்கொண்டே நடப்பேன். சில கற்களில் மூளை மடிப்புப் போல நெளிநெளியான வரிகள். சிலவற்றில் மிளகளவு குழிகள். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு குழிக்குள்ளும் நட்சத்திரம் போலக் கோடுகள். ஏன் அப்படி என்று நான் கேட்கவில்லை. கல்லென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, சிட்னியின் மேற்கே மேய்ஸ் ஹில்லில், கடற்கரையிலிருந்து இருபது கிலோமீற்றருக்கும் அதிகமாக உள்ளே, முருகன் கோயிலுக்கு நடந்து போகக்கூடிய ஒரு வீட்டின் கராஜில்தான் அந்தக் குழிகளை நான் விளங்கிக்கொண்டேன். ஒரு குழி ஓர் உயிரின் இருக்கை. மென்மையான சிறு விலங்கு ஒன்று அதற்குள் அமர்ந்து, தனக்குக் கீழே சுண்ணாம்பைப் படியவிட்டு, படிந்ததன்மேல் தன்னை உயர்த்திக்கொண்டு, மறுபடியும் படியவிட்டிருக்கிறது. நட்சத்திரக் கோடுகள் அதன் உடல் மடிப்புகளுக்கிடையே எழுந்த தடுப்புகள். நான் கைவைத்து நடந்த வேலி முழுவதும் வீடுகள்.

அந்த விலங்கை உயிரோடு வைத்திருக்க ஒரு கண்ணாடித்தொட்டி செய்வது எப்படி, அதன் ஒவ்வொரு பகுதியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம். முருகையை வளர்க்கிறவர் நாள்தோறும் பராமரிப்பது பெரும்பாலும் தண்ணீரைத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஒழுங்காக இருந்தால் முருகை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

தொட்டியின் அளவு: நீளம் 60, அகலம் 40, உயரம் 40 சென்ரிமீற்றர். கண்ணாடியின் தடிப்பு 8 மில்லிமீற்றர். நீர் 36 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். கல்லும் மணலும் பிடிக்கிற இடத்தைக் கழித்தால் எழுபது லீற்றர் மிஞ்சும். வீட்டுக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, கண்ணாடி தாங்குமா என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீரின் அமுக்கம் மேல்மட்டத்தில் பூச்சியம், அடியில் அதிகம், சராசரி நடுவில். அந்தச் சராசரியை முன்கண்ணாடியின் நனைந்த பரப்பால் பெருக்கினால் ஏறத்தாழ 390 நியூட்டன் வரும். நாற்பது கிலோ எடையுள்ள ஒருவரின் முழு எடையும் கண்ணாடியில் சாய்வதற்குச் சமம். இந்த விசைக்கும் தொட்டியில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. நீர் கண்ணாடிக்குப் பின்னால் 40 சென்ரிமீற்றர் நீண்டாலும், 40 கிலோமீற்றர் நீண்டாலும் முன்கண்ணாடிக்கு ஒரே சுமைதான். அமுக்கத்துக்கு உயரம் மட்டுமே கணக்கு. அதனால்தான் முதன்முதலாகத் தொட்டி செய்கிறவருக்கு, உயரத்தைக் கூட்டாதீர்கள், அகலத்தைக் கூட்டுங்கள் என்று சொல்கிறேன்.

கண்ணாடிகளை இணைப்பது சிலிக்கோன். குளியலறைக்கு விற்கிற வகையில் பூஞ்சணம் வராமலிருக்க நஞ்சு சேர்த்திருப்பார்கள். அது தொட்டிக்கு ஆகாது. கலப்பில்லாத வகையைப் பூசும்போது வினாகிரி மணக்கும். காற்றின் ஈரத்தோடு தாக்கமுற்று இறுகும்போது அசற்றிக் அமிலம் வெளியேறுகிறது, மணம் அதனுடையது. மணம் முற்றாகப் போகும்வரை, குறைந்தது ஒரு கிழமை, தொட்டியைத் தொடவே கூடாது. கண்ணாடியின் விளிம்பை மதுசாரத்தால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை ஒன்றே ஒட்டை விடுவிக்கப் போதும்.

இனி, இந்த வகைத் தொட்டிக்கு 'ஓல் இன் வன்' (எல்லாம் ஒன்றில்) என்று ஏன் பெயர்? வழக்கமான கடல்நீர்த் தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் இன்னொரு தொட்டி இருக்கும். வடிகட்டி, சூடாக்கி, பம்பி எல்லாம் அங்கே. மேல் தொட்டியில் துளையிட்டுக் குழாய் இறக்க வேண்டும். சின்ன வீட்டுக்கும் புதிய கைக்கும் அது பெரிய வேலை. இங்கே அதையெல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்குகிறோம். பின்கண்ணாடியிலிருந்து 10 சென்ரிமீற்றர் முன்னே ஒரு தடுப்பு. அதன் மேல்விளிம்பின் ஒரு மூலையில் சீப்புப் பல் போல வெட்டு. முன்னறையின் மேல்மட்ட நீர் அந்தப் பற்களுக்கிடையே வழிந்து பின்னே விழும். பின்னறை மூன்றாகப் பிரிந்திருக்கும். முதல் அறையில் பஞ்சு, மீனின் கழிவையும் மிஞ்சிய உணவையும் பிடிக்க. நடு அறையில் சூடாக்கியும், நுண்துளையுள்ள கற்சல்லிகளும், சிறு விளக்கொளியில் ஒரு பிடி கடற்பாசியும். மூன்றாவதில் பம்பி, அது நீரை மறுபடி முன்னுக்குத் தள்ளும்.

பற்களின் உயரம் மாறாததால் முன்னறையின் நீர்மட்டமும் மாறாது. ஆவியாகிப் போகிற நீர் முழுவதும் பம்பி அறையில்தான் குறைவாகத் தெரியும். அந்த அறையின் பரப்பு 200 சதுர சென்ரிமீற்றர். ஒரு லீற்றர் ஆவியானால் 5 சென்ரிமீற்றர் இறங்கும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவிட்டால் அதுவே அளவுகோல். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்சாரம் நின்றால், பம்பியின் வாய் நீருக்குள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நீர் பின்னே திரும்பி ஓடும். வாய் 2 சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தால் 3.6 லீற்றர். அதற்குப் பின்னறையில் இடம் விட்டிருக்க வேண்டும். விடாதவரின் கம்பளம் நனையும்.

என் முதல் தொட்டியில் தடுப்பைக் கறுப்பு அக்ரிலிக்கில் செய்தேன். வெட்டுவது சுலபம், பார்வைக்கும் அழகு. மூன்றாம் மாதம் அது வில்லாக வளைந்து ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தது. அக்ரிலிக் மெல்ல மெல்ல நீரை உறிஞ்சி விரியும். சிலிக்கோன் அதில் உறுதியாகப் பிடிக்கவும் மாட்டாது. இரண்டையும் பிறகுதான் படித்தேன். பஞ்சு அறையைத் தொடாமலே நீர் இடுக்கு வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கிழமையாக எனக்கு அது தெரியவில்லை. இப்போதுள்ள தடுப்பு கண்ணாடி. பற்களுக்காக மட்டும் மேலே ஒரு சிறு பிளாஸ்ரிக் சீப்பைச் செருகியிருக்கிறேன்.

பெட்டி தயார். இனி கடலைக் கொண்டுவர வேண்டும்.

உப்புத்தானே, கடையில் வாங்கிக் கரைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். ஆனையிறவு உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சிறிதளவு கல்சியம் காபனேற்று, அடுத்து ஜிப்சம், அதன்பிறகுதான் உப்பு. உப்பை வாரியதும் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மகனீசியம் தங்கிவிடுகிறது. அதை வெளியே விடுகிறார்கள். ஆக, சமையலறைக்கு வந்து சேருகிற உப்பு, கடலிலிருந்து முருகைக்கு வேண்டியவற்றைக் கழித்தபின் மிஞ்சியது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். அதில் கல்சியம் 410 மில்லிகிராம் அளவில், மகனீசியம் 1280 மில்லிகிராம் அளவில். இவை உட்பட எல்லாவற்றையும் கடலின் விகிதத்தில் சேர்த்த செயற்கைக் கடலுப்பு மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும். எழுபது லீற்றருக்கு இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும்.

தண்ணீரை ஆர்.ஓ. வடிகட்டியில் எடுக்கிறேன். சிட்னிக் குழாய்நீரில் குளோரினோ குளோரமைனோ இருக்கும். குளோரின் ஓரிரவு திறந்து வைத்தால் போய்விடும், குளோரமைன் போகாது. செப்புக் குழாய்களில் தங்கி வரும் நீரில் சிறிது செம்பும் இருக்கக்கூடும். நமக்குத் தீங்கு செய்யாத அளவே இறாலையும் நத்தையையும் கொல்லப் போதும். வடிகட்டி தள்ளிவிடுகிற கழிவுநீரைக் கறிவேப்பிலைச் சாடிகளுக்கு ஊற்றுகிறேன். உப்பைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் செறிவான இடங்களில் கல்சியம் காபனேற்று வெண்டூளாகப் படிந்து வீணாகும்.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. எனவே குறைந்த அளவை நன்னீரால் நிரப்ப வேண்டும். உப்புநீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் சில கிழமைகளில் தொட்டி ஆனையிறவுப் பாத்தியாகிவிடும். புதியவர்கள் அதிகமாகச் செய்கிற பிழை இதுதான்.

கல்லை அடுக்கி, நீரை நிரப்பி, பம்பியை ஓடவிட்டபோது அம்மா வந்து நின்று பார்த்தார். நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவர். "உதைத்தானே நாங்கள் வேலிக்கு அடுக்கினனாங்கள்," என்றார். அடுத்த கிழமையும் வந்தார். "இன்னும் மீன் விடேல்லையோ?"

விடவில்லை. தொட்டியில் ஒரு துண்டு இறால் மட்டும் கிடந்து அழுகிக்கொண்டிருந்தது. மீன் விடுவதற்கு முன் ஆறு கிழமைகள் காத்திருக்க வேண்டும்; அதை அவசரப்பட்டுக் குறைக்கிறவர்களின் மீன்கள் செத்துப்போகின்றன. காரணம் அமோனியா. மீன் அதைப் பூக்களின் (செவுள்களின்) வழியாக ஓயாமல் வெளியேற்றுகிறது. உணவு அழுகினாலும் அதுவே வரும். கடலில் அது உடனே ஐதாகிவிடும். எழுபது லீற்றரில் ஐதாக இடமில்லை. அதை மாற்றிவிட யாராவது வேண்டும்.

அந்த யாரோ இரண்டு கூட்டங்கள் என்பதை 1890ஆம் ஆண்டளவில் சூரிச்சில் வேலை செய்த ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி காட்டினார். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. மற்றக் கூட்டம் அதை நைத்திரேற்றாக மாற்றும். அதனால் கேடு மிகக் குறைவு. இரண்டும் மற்ற உயிர்கள் செய்த உணவைத் தேடுவதில்லை. இந்த மாற்றத்தில் கிடைக்கும் சக்தியைக் கொண்டே காபனீரொட்சைட்டிலிருந்து உடம்பைக் கட்டிக்கொள்கின்றன. அதனால் மெதுவாகத்தான் பெருகும். சோதனைக் குழாயில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அமோனியாச் சோதனை முதல் நாட்களில் மஞ்சளாக இருந்தது. இரண்டாம் கிழமை இலைப்பச்சை. மூன்றாம் கிழமை கரும்பச்சையிலிருந்து மறுபடி வெளுக்கத் தொடங்கியது. அது வெளுக்கும் நாட்களில் நைத்திரைற்றுச் சோதனை செம்பருத்தி நிறத்துக்கு ஏறியது. ஆறாம் கிழமை ஒரு விடியற்காலை இரண்டும் தெளிந்து நின்றன. அந்தக் குழாய்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். தொட்டி உயிர் பெற்றுவிட்டது என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் இல்லை. உள்ளே வெறும் கல்லும் தண்ணீரும்தான்.

அந்தக் கல்லிலும் மணலிலும் யார் குடியேறினார்கள் என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பற்றீரியா என்றே விடை சொல்லிவந்தார்கள். 2005ல் அந்த விடை போதாது என்று ஒரு மீன்தொட்டி காட்டியது. சியாட்டில் மீன்காட்சியகத்தின் வெப்பமண்டலத் தொட்டி ஒன்றிலிருந்து எடுத்த சரளைக்கல்லில், அமோனியாவைத் தின்னும் ஓர் உயிரை மார்ட்டின் கொன்னெக்கே, டேவிட் ஸ்டால் குழுவினர் தனியாகப் பிரித்து வளர்த்தார்கள். அது பற்றீரியா அல்ல. ஆர்க்கியா என்னும் முற்றிலும் வேறான கிளையைச் சேர்ந்தது. நைத்திரோசோபியூமிலஸ் மரிட்டிமஸ் என்று பெயரிட்டார்கள். கடல்களில் இதன் உறவினர்கள் ஏராளமாக இருப்பது முன்பே தெரியும். என்ன செய்கின்றன என்பதுதான் தெரியாமல் இருந்தது. உலகக் கடல்களின் நைதரசன் கணக்கைத் திருத்தி எழுதவைத்தது ஆழ்கடலுக்குப் போன கப்பல் இல்லை, சிறுவர்கள் மூக்கை ஒட்டிப் பார்க்கிற கண்ணாடித்தொட்டி ஒன்றின் சரளை. எனக்கு மிகப் பிடித்த அறிவியல் செய்திகளில் இது ஒன்று.

கல்லே வடிகட்டி என்பதை அதற்கு நெடுநாள் முன்பே ஒருவர் கண்டிருந்தார். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், 1961ல் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றில் தன் முறையை எழுதினார். அந்தக் காலத்துக் கடல்மீன் தொட்டிகளில் வெளிற்றிக் கழுவிய செத்த முருகைகளை அலங்காரத்துக்கு வைப்பார்கள். அவரோ கடலிலிருந்து உயிர் ஒட்டிய கற்களையே கொண்டுவந்து வைத்தார். சூரிய வெளிச்சமும் குமிழி விடுகிற ஒரு காற்றுக் குழாயும் தவிர வேறு எதுவும் வைக்கவில்லை. முருகைகள் வாழ்ந்தன. கல்லின் மேற்பரப்பில் ஒட்சிசன் உள்ள இடத்தில் அமோனியா தின்னிகள். உள்ளே, ஒட்சிசன் எட்டாத நுண்துளைகளில், நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பும் பற்றீரியாக்கள். ஒரே கல்லுக்குள் இரண்டு தொழிற்சாலைகள். நாங்கள் இப்போது கடலிலிருந்து கல் எடுக்கக்கூடாது, எடுக்கவும் தேவையில்லை. உலர்ந்த கற்களை வாங்கி அடுக்கி, பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து கைமுட்டியளவு கல் ஒன்றை வாங்கி நடுவில் வைத்தால் போதும். உறை மோர் போல அது மற்றக் கற்களுக்கும் பரவும்.

முதலில் வந்தவை ஒரு சோடிக் கோமாளி மீன்கள், தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்டவை. இந்த மீனைக் கடலில் பிடிக்காமல் பண்ணையில் பொரிக்கவைக்கும் முறை இன்று நன்கு தெரிந்த ஒன்று. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் அதைச் செய்து காட்டியிருக்கிறது. முருகைகளும் கடலிலிருந்து நேரே வர வேண்டியதில்லை. ஒருவரின் தொட்டியில் வளர்ந்ததில் ஒரு கிளையை நறுக்கிச் சிறு கல்லில் ஒட்டிக் கொடுப்பார்கள். ஒட்டுவதற்கு நாம் செருப்புக்குப் போடும் சுப்பர் குளூவே போதும்; ஈரம் பட்டால்தான் அது இறுகும், ஆகவே நீருக்குள்ளேயே பிடிக்கும். ஓர் எச்சரிக்கை மட்டும்: பொத்தான் போல விரியும் சோவாந்திட் வகைகள் சிலவற்றில் பேலிதொக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அவை ஒட்டிய கல்லை ஒருநாளும் வெந்நீரில் போடாதீர்கள். ஆவியோடு எழும் நஞ்சு வீட்டிலுள்ள எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

முருகைக்கு உணவு ஊட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் வெளிச்சம் ஊட்டினால் போதும். அதன் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளித்தொகுப்பில் அவை செய்யும் சர்க்கரையில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. சில இனங்களில் முருகையின் சக்தித் தேவையில் தொண்ணூறு வீதம்வரை இப்படியே வருகிறது. வாடகையாகப் பாசிகளுக்குக் கிடைப்பது விலங்கின் அமோனியாவும் காபனீரொட்சைட்டும். தொட்டி விளக்குகள் நீலமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடுகிறது. ஆழத்துக்கு எட்டுவது நீலம். இந்தப் பாசிகள் நீலத்தில் பிழைக்கப் பழகியவை.

இந்தக் குடித்தனம் குலைவது வெப்பத்தில். 2020 ஜனவரி 4, சனிக்கிழமை, மேற்குச் சிட்னியின் பென்ரித்தில் வெப்பநிலை 48.9 பாகைக்கு ஏறியது. மேய்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் குளிரூட்டி அந்த வெயிலோடு போட்டியிட முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் 26 பாகையாக இருந்த தொட்டி மதியத்துக்குள் 30ஐத் தாண்டியது. சின்ன நீருக்குப் பொறுமை கிடையாது. மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து நீரின் மேற்பரப்பில் வீச வைத்தேன். மண்பானை செய்கிற அதே வேலை: ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, எழுபது லீற்றரை எட்டுப் பாகை குளிர்விக்க அது போதும். அறையின் சூடு மறுபக்கம் ஏறிக்கொண்டே இருந்ததால் எட்டுப் பாகை குறையவில்லை. ஆனால் ஏறுவது நின்றது. அன்று மாலை கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது பம்பி காற்றை உறிஞ்சிக் கர்ரென்று கத்திக்கொண்டிருந்தது. மூன்று லீற்றர் போயிருந்தது. முன்னறை முழுவதும் நுண்குமிழிகள், பால் கலந்ததுபோல.

யூஃபிலியா என்னும் வகை முருகை ஒன்று அடுத்த நாட்களில் வெளிறியது. கூடிய சூட்டில் பாசிகளின் ஒளித்தொகுப்பு இயந்திரம் பழுதாகி, தீங்கான ஒட்சிசன் மூலக்கூறுகளைக் கக்கத் தொடங்கும்; முருகை அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். நிறம் பாசிகளுடையது. அவை போனதும் கண்ணாடி போன்ற தசையினூடாக வெள்ளை எலும்பு தெரியும். அது சாவு இல்லை, பட்டினியின் தொடக்கம். என் யூஃபிலியா நான்கு மாதத்தில் மெல்ல நிறம் கூடியது, ஏனென்றால் என்னால் வெப்பத்தை இறக்க முடிந்தது. அதே கோடையின் முடிவில் கிரேட் பேரியர் ரீஃப் ஐந்தாண்டுக்குள் மூன்றாவது தடவையாகப் பரந்த அளவில் வெளிறியது. அங்கே விசிறி வைக்க யாராலும் முடியாது. அந்தச் செய்தியைப் படித்த இரவு தொட்டியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனிச் சுண்ணாம்பு. இந்தத் தொழிலில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது.

முருகை கல்லைக் கட்டுவதற்கு நீரிலிருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் எடுக்கிறது. நீரில் அந்தக் காபனேற்று வகைகளின் இருப்பைக் காரத்தன்மை என்று அளக்கிறோம். சோதனைக் குழாயில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். கடலில் அது ஏழு பாகை (வெப்பத்தின் பாகை இல்லை, காரத்தன்மைக்கே உரிய அலகு) அளவில் இருக்கும். தொட்டியில் எட்டில் வைத்திருக்கிறேன். கடல் பெரியது, எடுத்தது தெரியாது. தொட்டியில் ஒவ்வொரு நாளும் தெரியும். எடுத்ததைத் திருப்பிப் போடாவிட்டால் சில கிழமைகளில் வளர்ச்சி நின்றுவிடும். இந்தக் கணக்குத் தொட்டிக்கு மட்டும் உரியதில்லை. அரிசோனாப் பாலைவனத்தில் பயோஸ்பியர் 2 என்னும் கண்ணாடி மாளிகைக்குள் இருந்த 26 லட்சம் லீற்றர்ச் செயற்கைக் கடலில், கிறிஸ் லாங்டன் குழுவினர் இதே அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நீரில் காபனேற்று குறைந்தபோது முருகைகள் கல் கட்டும் வேகமும் கூடவே குறைந்தது. 2000ல் அதை வெளியிட்டார்கள். காற்றில் கூடும் காபனீரொட்சைட்டு கடலில் கரைந்து செய்வதும் அதைத்தான்.

திருப்பிப் போடுவது எப்படி? முருகை வளர்ப்பில் ஐரோப்பாவில் முன்னோடியான பீற்றர் வில்கென்ஸ் பரப்பிய முறை, சுண்ணாம்புத் தெளிவு. நன்னீரில் தூய நீறிய சுண்ணாம்பைக் கலக்கி, அடையவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, ஆவியாகிப் போன நீருக்குப் பதிலாக இரவில் சொட்டுச் சொட்டாக விடுவது. ஒரு லீற்றரில் ஒன்றரைக் கிராமுக்குச் சற்று மேலாகவே கரையும். காரம் கடுமையானது, விரைவாக ஊற்றினால் மீன் சாகும். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதைப் போடாதீர்கள். உணவுத் தரச் சுண்ணாம்பு வாங்குங்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? முருகைக்கல்லைச் சூளையில் அடுக்கி எரித்தார்கள். கல் காபனீரொட்சைட்டை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகும். தண்ணீர் தெளித்தால் கொதித்து நீறும். அதைத்தான் சுவருக்குப் பூசினோம், வெற்றிலையில் தடவினோம். இலங்கையின் தென்மேற்குக் கரையில் சூளைகளுக்காக அகழ்ந்த முருகைக்கு நாடு பெரிய விலை கொடுத்தது. 2004 சுனாமியில், ஹிக்கடுவைக்கு அருகே பெரேலியாவில், முருகை அகழப்பட்ட திறப்பின் வழியாக அலை கூடிய பலத்தோடு உள்ளே வந்தது என்று பின்னர் ஆய்ந்தவர்கள் எழுதினார்கள். அதே வேதியியலை நான் மறுதிசையில் ஓட்டுகிறேன். தெளிந்த சுண்ணாம்பு நீர் தொட்டியில் விழுகிறது. நீரில் கரைந்த காபனீரொட்சைட்டை மறுபடி பிடித்துக்கொள்கிறது. விலங்கு இரண்டையும் சேர்த்துக் கல்லாக்குகிறது. சூளை பிரித்ததைத் தொட்டி கூட்டுகிறது.

எவ்வளவு கல் என்று கணக்கிடலாம். நீர் மாற்றாமல், சுண்ணாம்பு விடாமல் இரண்டு நாள் வைத்தேன். காரத்தன்மை 8.0 பாகையிலிருந்து 7.6க்கு இறங்கியது. ஒரு பாகை என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று. எழுபது லீற்றருக்கு 0.4 பாகை என்றால் அரைக் கிராம். அதாவது ஒரு நாளைக்குக் கால் கிராம். ஈடுகட்ட ஒரு நாளைக்கு 115 மில்லிலீற்றர் சுண்ணாம்புத் தெளிவு, ஒரு தேநீர்க் கோப்பைக்கும் குறைவு.

கால் கிராம் கல்லைப் பார்க்கவும் முடியும். பக்கக் கண்ணாடிக்கு அருகே ஒட்டியிருந்த மொண்டிபோரா என்னும் வகை முருகை, தட்டாக விரிந்து ஒரு நாள் கண்ணாடியைத் தொட்டது. அதற்குமேல் போக இடமில்லாததால் கண்ணாடியிலேயே படரத் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் அதன் அடிப்பக்கம் தெரியும்: கண்ணாடியோடு ஒட்டிய வெள்ளைத் தகடு, அதன் விளிம்பில் நூலளவு நீலமான உயிர்த்தசை. ஒவ்வொரு ஞாயிறும் பென்சிலால் வெளிக்கண்ணாடியில் விளிம்பைக் கோடிட்டு வருகிறேன். கோடுகள் மரத்தின் வளையங்கள் போல ஒன்றுக்கு வெளியே ஒன்றாக நிற்கின்றன. பிளேடால் சுரண்டிவிடலாம், எனக்கு மனம் வரவில்லை.

அம்மா இப்போது மாலையில் தொட்டியின் முன்னால்தான் இருப்பார். விளக்கு தணிகிற நேரம், பகலில் ஒடுங்கியிருந்த முருகைகள் சில கைகளை நீட்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்ப்பார். ஒரு நாள் அவரிடம் கணக்கைச் சொன்னேன். வேலியில் வைக்கிற கல் ஒன்று இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்தத் தொட்டியிலுள்ள எல்லா முருகைகளும் சேர்ந்து, ஒரு நாளும் நிற்காமல் கட்டினாலும், அப்படி ஒரு கல்லுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் பிடிக்கும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கிணற்றடிப் பக்கத்து வேலியில் மட்டும் எத்தனை கல் இருந்திருக்கும் என்று விரல் மடித்து எண்ணத் தொடங்கினார்.